ஏலகிரி சிறுத்தையைத் தேடி வந்த கென்னத் ஆண்டர்சன்: ஆட்கொல்லிகளை உருவாக்கியது காடா, துப்பாக்கியா?

2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே ஒரு சிறுத்தை புகுந்தது. பள்ளி வளாகத்தைத் தாண்டி கார் ஷெட்டுக்குள் போய்ப் பதுங்கியது. அங்கே இருந்தவர்கள் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் ஓர் இளம்பெண் சிறுத்தை தாக்கி உயிரிழந்தார். அதற்குப் பிறகு பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆட்டுப்பட்டியில் ராத்திரி ஒரு சத்தம் கேட்டாலும் ஊரே டார்ச்சோடு எழுந்து நிற்கிறது.

இப்படி ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கென்னத் ஆண்டர்சன். அவர் மாதிரி ஒரு ஆள் இப்போது இருந்திருந்தால் ஒரே குண்டில் முடித்திருப்பார் என்று ஒரு பேச்சு.

உண்மையில் அந்த ஆண்டர்சன் யார்? ஒரே குண்டில் முடிப்பது அவ்வளவு சுலபமா? அதற்கு அவர் எப்படித் தயாரானார்?

யார் இந்த கென்னத் ஆண்டர்சன்?

1910 மார்ச் 8-ஆம் தேதி, செகந்திராபாத்தை ஒட்டிய பொலாரம் என்ற ஊரில் பிறந்தவர் கென்னத் டக்ளஸ் ஸ்டூவர்ட் ஆண்டர்சன். ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். ஆனால் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வேரூன்றியவர்கள். அப்பா ராணுவத்தினரின் சம்பளக் கணக்கைப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கௌரவ கேப்டன் பட்டம் பெற்றவர்.

ஆண்டர்சன் படித்தது பெங்களூரில். பிஷப் காட்டன் பள்ளி, பிறகு செயின்ட் ஜோசப் கல்லூரி. கன்னடமும் தமிழும் பேசுவார். இந்தத் தமிழ்தான் பின்னாளில் சேலம், தருமபுரி, வேலூர் காட்டோரக் கிராமங்களில் அவருக்குத் துப்பாக்கியைவிடப் பெரிய துணையாக இருந்தது.

வேட்டைக்காரர் என்றதும் ஏதோ ஜமீன், மகாராஜா மாதிரி நினைக்க வேண்டாம். மாதச் சம்பளக்காரர். தபால் தந்தித் துறையில் 15 வருடம் வேலை பார்த்தார். அதன்பின் பெங்களூர் விமானத் தொழிற்சாலைக்குப் போய், திட்டமிடல் பிரிவில் மேலாளர் நிலை வரை உயர்ந்தார். ஆக, காட்டுக்குப் போவது எல்லாம் லீவு கிடைத்தால்தான். ஒரு ஆட்கொல்லி எங்கோ ஊரையே நடுங்க வைத்துக்கொண்டிருக்கும்போது, லீவு முடிந்துவிட்டதே என்று பெங்களூர் திரும்பிய சந்தர்ப்பங்கள் அவருடைய புத்தகங்களில் வருகின்றன. அந்த மாதிரி நேரங்களில் அடுத்த தந்தி வரும்வரை அவருக்கு நிம்மதி இருந்திருக்காது. தந்தி வந்தால், இன்னொரு உயிர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

1954-ல் அவருடைய முதல் வேட்டை நூல் லண்டனில் வெளியானது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மதம் பிடித்த யானையும் என்ற பொருள் வரும் தலைப்பு. அதற்குப் பிறகு 1970 வரை வரிசையாகப் புத்தகங்கள். இமயமலை அடிவாரத்துக்கு ஜிம் கார்பெட் எப்படியோ, தென்னிந்தியாவுக்கு ஆண்டர்சன் அப்படி என்று வாசகர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

ஏலகிரிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

சென்னை - பெங்களூர் ரயில் பாதைதான் காரணம். பெங்களூரையும் ஜோலார்பேட்டையையும் இணைக்கும் பாதை 1864-லேயே திறக்கப்பட்டுவிட்டது. ராத்திரி பெங்களூரில் ரயில் ஏறினால் விடிவதற்குள் ஜோலார்பேட்டை. ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ஏலகிரி மலை. கிழக்கே பார்த்தால் ஜவ்வாது மலைத்தொடர். வடக்கே ஆம்பூர், பேரணாம்பட்டுக் காடுகள் ஆந்திராவோடு போய்ச் சேரும்.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். இன்று கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் போய் படகு சவாரி செய்துவிட்டு வருகிறோம். அந்தக் காலத்தில் அதெல்லாம் கிடையாது. அங்கே ஒரு சிறுத்தை மனிதர்களைத் தாக்க ஆரம்பித்தபோது ஆண்டர்சன் தேடி வந்தார். அந்த ஏலகிரி சிறுத்தை அவர் சுட்ட ஆட்கொல்லிகளின் பட்டியலில் முக்கியமான ஒன்று. அதைப் பற்றித் தனிக் கதையாகவே எழுதியிருக்கிறார்.

அவருடைய மற்ற களங்களும் நமக்குத் தெரிந்த ஊர்கள்தான். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரி, கருஞ்சிறுத்தை வந்த சிவனிப்பள்ளி, பென்னாகரம் பக்கத்துப் பனப்பட்டி, நீலகிரி அடிவாரத்துச் சேகூர். குமலாபுரம் சிறுத்தை மட்டும் 42 பேரைக் கொன்றதாக அவர் எழுதுகிறார்.

ஒரு ஆட்கொல்லி எப்படி உருவாகிறது?

இங்கேதான் துப்பாக்கியும் தோட்டாவும் கதைக்குள் வருகின்றன. புலியோ சிறுத்தையோ பிறக்கும்போதே மனிதனைத் தின்னப் பிறப்பதில்லை. மனிதனைப் பார்த்தால் ஒதுங்கிப் போவதுதான் அதன் சுபாவம். பல்லு தேய்ந்த முதுமை, முன்னங்காலில் முள்ளம்பன்றி முள் ஏறிச் சீழ் பிடிப்பது போன்ற காரணங்களால் மானைத் துரத்த முடியாமல் போகும்போதுதான் அது சுலபமான இரையைத் தேடுகிறது. ஆண்டர்சன் தன் கதைகளில் திரும்பத் திரும்பக் குற்றம் சாட்டுவது இன்னொரு காரணத்தை. சரியாகச் சுடப்படாத குண்டு.

ஜவளகிரி பெண்புலியின் கதை இதற்கு நல்ல உதாரணம். அதன் ஜோடிப் புலி முதலில் சுட்டுக் கொல்லப்பட்டது. ஜோடியைத் தேடி அலைந்த பெண்புலியையும் ஒருவர் சுட்டார். குண்டு பட்டது, ஆனால் உயிர் போகவில்லை. காயத்தோடு தப்பிய அந்தப் புலிதான் பிறகு வரிசையாக மனிதர்களைக் கொன்றது. ஆண்டர்சன் அதைக் கொன்ற விதமும் விசித்திரமானது. ஆண்புலி கூப்பிடுவது போலத் தன் தொண்டையாலேயே குரல் கொடுத்தார். ஜோடி என்று நம்பி அது பதில் கொடுத்துக்கொண்டே நெருங்கி வந்தது. வீரம் என்று கொண்டாட முடியாத முடிவு இது. வாசிக்கும்போதே கொஞ்சம் சங்கடமாக இருக்கும், அவருக்கும் இருந்திருக்கிறது.

அன்றைய காட்டோரக் கிராமங்களில் இருந்தது பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்து இடித்து, அதன்மேல் ஈயக் குண்டுகளையோ இரும்புத் துண்டுகளையோ போட்டு நிரப்புவார்கள். பின்பக்கம் ஒரு சின்ன கேப். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்துதான் உந்துசக்தி. இப்போது இதில் பால்ரஸ் குண்டுகளைப் போடுகிறார்கள் என்பது போலீஸ் செய்திகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

முயல், காட்டுப்பன்றிக் குட்டி என்றால் இது வேலை செய்யும். சிறுத்தைக்கோ புலிக்கோ இது போதாது. உருண்டைக் குண்டு காற்றிலேயே வேகம் இழந்துவிடும். தோலைத் துளைத்துத் தசைக்குள் போய் நின்றுவிடும், இதயத்தையோ நுரையீரலையோ எட்டாது. விலங்கு ஓடிவிடும், காயம் புழுத்துப் போகும், கால் ஊனமாகும். ஆறு மாதம் கழித்துப் பத்து மைல் தள்ளி வேறொரு கிராமத்தில், சுட்டவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆடு மேய்ப்பவர் செத்துப்போவார்.

இதை வைத்து மலைக்கிராமத்து மக்கள்மேல் மொத்தப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கோ விலக்கு இருந்தது. நல்ல ரைபிள் யார் கையில் இருக்கும், குழல்வழி நிரப்பும் துப்பாக்கி யார் கையில் இருக்கும் என்பதை அந்தச் சட்டமும் காசும் சேர்ந்துதான் முடிவு செய்தன. பயிரைத் தின்ன வரும் பன்றியை விரட்ட வேண்டியிருந்த விவசாயிக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அதோடு, நல்ல ரைபிள் வைத்திருந்த பட்டணத்து வேட்டைக்காரர்களும் அவசரத்தில் சுட்டுக் காயப்படுத்திவிட்டு, இருட்டில் பின்தொடரப் பயந்து ஊர் திரும்பியிருக்கிறார்கள். ஆண்டர்சன் அவர்களையும் விட்டுவைக்கவில்லை.

அவர் வைத்திருந்த துப்பாக்கி அப்படி என்ன ஸ்பெஷல்?

வின்செஸ்டர் 1895 மாடல், பாயின்ட் 405 ரகம். கடைசி வரை அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட துப்பாக்கி இதுதான். அமெரிக்காவின் ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலிக் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கௌபாய் படங்களில் பார்ப்பீர்களே, அதே பாணி.

ஒரு வித்தியாசம் உண்டு. பழைய நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால், பின்னால் இருக்கும் குண்டின் முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப்பை இடித்து உள்ளேயே வெடித்துவிடும் ஆபத்து. 1895 மாடலில் இதற்காகவே விசைக்கு முன்னால் பெட்டி மாதிரி ஒரு அறை வைத்தார்கள். தோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படும்.

பாயின்ட் 405 தோட்டா 1904-ல் சந்தைக்கு வந்தது. குண்டின் எடை 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். நம் ஊர் கணக்கில் இரண்டரை சவரன் எடையுள்ள ஈயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நொடிக்கு சுமார் 670 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனதும் இதே ரகம்தான். அவர் எழுதிய பிறகு இது சிங்கத் துப்பாக்கி என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது.

குறையும் இருந்தது. குண்டின் முனை மொட்டையாக இருப்பதால் தூரம் போகப் போக வேகமாகத் தாழ்ந்துவிடும். 150 மீட்டருக்கு அப்பால் குறி வைப்பது வம்பு. தோளில் உதைப்பதும் அதிகம். ஆனால் ஆண்டர்சன் செய்த வேலைக்குத் தூரம் பிரச்சனையே இல்லை. பரணுக்கும் இரைக்கும் நடுவே பெரும்பாலும் 15, 20 மீட்டர்தான். அங்கே தேவைப்பட்டது இரண்டு விஷயம். ஒன்று, முதல் குண்டிலேயே எலும்பை உடைத்து உள்ளே போகும் எடை. இன்னொன்று, அது தவறினால் தோளிலிருந்து துப்பாக்கியை இறக்காமலே இரண்டாவது குண்டைப் போடும் வேகம். இரண்டும் இந்தத் துப்பாக்கியில் இருந்தன.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

நாம் பொதுவாகத் தோட்டா என்றும் குண்டு என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். இரண்டும் ஒன்றில்லை. தோட்டா என்பது முழுப் பொட்டலம். பித்தளைக் கூடு, அதன் அடியில் சுத்தியல் தட்டியதும் தீப்பொறி தரும் கேப், உள்ளே மருந்து, தலையில் குண்டு. இந்த நாலும் சேர்ந்தால்தான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும்தான்.

குண்டிலும் ரகம் உண்டு. முனையில் ஈயம் வெளியே தெரியும் மென்முனைக் குண்டு உடலுக்குள் போனதும் காளான் மாதிரி விரியும். புலி, சிறுத்தை போன்ற மெல்லிய தோல் விலங்குகளுக்கு இதுதான். விலங்கின் உள்ளேயே தன் சக்தி முழுவதையும் இறக்கிவிடும். யானைக்கு இது உதவாது. மண்டை எலும்பின் தேன்கூடு போன்ற தடிமனில் விரிந்து நின்றுவிடும். அதற்கு முழுக்க உலோக உறை போட்ட கெட்டிக் குண்டு வேண்டும். இதை மாற்றிப் போட்டால்? புலியின் உடலைக் கெட்டிக் குண்டு ஊசி போலத் துளைத்து மறுபக்கம் போய்விடும், புலி காயத்தோடு ஓடிவிடும். மறுபடியும் ஒரு ஆட்கொல்லி.

மருந்தின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. பிரிட்டிஷ் தோட்டாக்களில் இருந்த கார்டைட் என்ற மருந்து வெயிலுக்கு ரோஷக்காரன். லண்டன் குளிரில் சரியாக இருக்கும் அளவு, மே மாத வேலூர் வெயிலில் அழுத்தத்தை எகிற வைக்கும். கூடு குழலுக்குள்ளேயே இறுகி வெளியே வராமல் அடம்பிடிக்கும். அதனால் இந்தியா, ஆப்பிரிக்கா போன்ற நாடுகளுக்கென்றே மருந்தின் அளவைக் குறைத்துத் தனியாகத் தோட்டா தயாரித்து அனுப்பினார்கள். அந்தக் கார்டைட்டை நம் மாநிலத்திலேயே செய்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. குன்னூர் பக்கம் அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் ஆரம்பிக்கப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆம்பூர் தோலுக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டா?

உண்டு. கொஞ்சம் எதிர்பாராத சம்பந்தம்.

வேட்டைக்காரர் படம் என்றாலே இடுப்பிலோ தோளிலோ குறுக்காக ஒரு தோல் பெல்ட், அதில் வரிசையாகத் தோட்டா செருகியிருக்கும் இல்லையா? பாலாற்றங்கரையின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் ஷாப்புகள் குரோம் பதனீட்டுக்கு மாறும் முன்பு ஆவாரம்பட்டையை ஊற வைத்த தண்ணீரில்தான் தோலைப் பதப்படுத்தின. பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்துதான் தோலை அழுகாமல் காப்பது. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் கெட்டியாக, வடிவம் மாறாமல் நிற்கும் என்பதால் பெல்ட், பை, துப்பாக்கி உறை எல்லாவற்றுக்கும் அதுதான் தோது.

ஆனால் அதே துவர்ப்பு அமிலம் பித்தளைக்கு எதிரி. மழைக்காலத்தில் தோல் பெல்ட்டிலேயே தோட்டாவைச் செருகி வைத்தால், சில வாரங்களில் கூட்டின்மேல் பச்சைக் களிம்பு பூத்துவிடும். பித்தளைச் சொம்பில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகுமோ, அதேதான். களிம்பு பிடித்த தோட்டா குழலுக்குள் சரியாக உட்காராது. சுட்டாலும் காலிக் கூடு வெளியே வராமல் சிக்கும். எதிரே காயம்பட்ட சிறுத்தை நிற்கும்போது துப்பாக்கி சிக்கிக்கொண்டால் கதை முடிந்தது. அதனால் அனுபவசாலிகள் பெல்ட்டை நடக்கும்போது மட்டும் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை உருவித் துடைத்து, காய்ந்த தகரப் பெட்டியில் போட்டு வைப்பார்கள்.

12 போர் துப்பாக்கிக்காரர்களுக்கு வேறொரு தலைவலி. அந்தக் காலத்துத் தோட்டாக் கூடு அட்டைக் காகிதத்தால் ஆனது. ஈரக்காற்றில் ஊறி உப்பிவிட்டால் குழலுக்குள்ளேயே நுழையாது. காட்டுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு தோட்டாவையும் குழலில் போட்டு எடுத்துப் பார்ப்பது ஒரு சடங்காகவே இருந்தது.

ஆண்டர்சன் எப்படித் தயாரானார்?

பெங்களூரிலிருந்து தன் பழைய ஸ்டூடிபேக்கர் காரிலோ ரயிலிலோ வந்து இறங்கியதும் அவர் முதலில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதில்லை. ஊரில் உட்கார்ந்து பேசுவார். கடைசியாக யார் இறந்தார், எங்கே, எந்த நேரம், உடலை எந்தப் பக்கம் இழுத்துப் போனது, காலடித் தடத்தில் ஏதாவது கோணல் உண்டா? இந்த விசாரணைக்கே ஒன்றிரண்டு நாள் போகும். வரைபடத்தில் சம்பவ இடங்களைக் குறித்து, அந்த விலங்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை எந்தப் பாதையில் சுற்றி வருகிறது என்று கணக்குப் போடுவார். தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்தவர் அல்லவா, அந்தப் புத்தி இங்கேயும் வேலை செய்தது.

தடம் பார்ப்பதில் அவருக்கு வாத்தியார்கள் உள்ளூர்க்காரர்கள்தான். சின்னாற்றுக் கரையில் வாழ்ந்த பைரா என்ற பூசாரி, பென்னாகரம் பக்கத்து ரங்கா இருவரும் அவர் புத்தகங்கள் முழுக்க வருகிறார்கள். மணலில் தடத்தின் ஓரம் உதிர்ந்திருக்கிறதா, பனி விழுந்த பிறகு பதிந்ததா முன்பா என்பதையெல்லாம் அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். வேட்டைக்காரரின் பெயர் அட்டையில் வந்தது, இவர்களுடைய பெயர் உள்ளே வந்தது. அந்த அளவுக்காவது எழுதினாரே என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகுதான் பரண். எருமைக் கன்றையோ மாட்டையோ கட்டிப்போட்டு, அல்லது ஏற்கெனவே அடிபட்ட இரையின் அருகில், மரத்தில் பரண் கட்டுவார்கள். கயிற்றுக் கட்டிலையே மரத்தில் தூக்கிக் கட்டிவிடுவது அவருக்குப் பிடித்த முறை. பலகைப் பரண் அசைந்தால் கிறீச்சிடும், கயிற்றுக் கட்டில் சத்தம் போடாது. போர்வை, பிளாஸ்கில் டீ, சாப்பிடக் கொஞ்சம், குழல் மேல் கிளாம்ப் போட்டு மாட்டிய டார்ச், கைவசம் இன்னொரு டார்ச். புகை பிடிக்கும் பழக்கம் உள்ளவர், பைப் இல்லாமல் இருக்க மாட்டார். ஆனால் சிறுத்தைக்காக உட்கார்ந்துவிட்டால் அதையும் தொட முடியாது.

சாயங்காலம் 5 மணிக்கு ஏறினால் விடியற்காலை வரை. கொசு கடித்தாலும் கை அசையக் கூடாது, இருமல் வந்தால் விழுங்க வேண்டும். கண் தெரியாத இருட்டில் காதுதான் எல்லாம். கடமான் எச்சரிக்கைக் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது, திடீரென்று பூச்சிகள் ஏன் அமைதியாகின என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டதும் டார்ச் பட்டனை அமுக்கினால், இரண்டு கண்கள் பளிச்சிடும். அதற்குப் பிறகு கிடைப்பது இரண்டு, மூன்று நொடி. அத்தனை தயாரிப்பும் அந்த நொடிகளுக்காகத்தான். பெரும்பாலான ராத்திரிகளில் அந்த நொடி வரவே வராது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

எத்தனை ஆட்கொல்லிகளைச் சுட்டார்?

அரசுப் பதிவுகளின்படி 1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகள், 7 ஆட்கொல்லிப் புலிகள். இதற்கு மேல் சொல்லப்படும் எண்ணிக்கை எல்லாம் வாய்வழிக் கணக்கு. மைசூர் பகுதியில் 12 பேரையாவது கொன்ற ஒரு கரடியையும் அவர் சுட்டார்.

அவர் கதைகளை வரிக்கு வரி வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. மாந்திரீகம், ஆவி போன்ற விஷயங்களில் அவருக்கு இருந்த நம்பிக்கையும் கதைகளில் கலந்திருக்கிறது. ஆனால் காட்டின் வாசனை, கிராமத்துப் பயம், துப்பாக்கி வேலை ஆகிய மூன்றும் அனுபவிக்காத ஒருவரால் எழுதக்கூடியவை அல்ல.

தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா?

ஆண்டர்சன் ரசிகர்கள் பலர் யூடியூபில் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் தோட்டா நிரப்பும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் இது சாதாரணம். சுட்டதும் பித்தளைக் கூடு வீணாவதில்லை, அழுத்தத்தில் கொஞ்சம் உப்பியிருக்கும். அதை அச்சில் விட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எரிந்த கேப்பைத் தட்டி எடுத்து, புதுக் கேப், அளந்த மருந்து, புதுக் குண்டு என்று மறுபடி நிரப்புவார்கள். பாயின்ட் 405 தோட்டாவைக் கம்பெனி நிறுத்திவிட்ட பல வருடங்கள், அந்தத் துப்பாக்கி வைத்திருந்த அமெரிக்கர்கள் இப்படித்தான் சமாளித்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான் மறுபடி புதுத் தோட்டா கடைக்கு வந்தது.

மருந்து கூடினால் துப்பாக்கியே கையில் வெடிக்கும். குறைந்தால் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்துவிடும்.

இந்தியாவில் இது விளையாட்டு விஷயமே அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும், அதைத் தயாரிக்கும் கருவியையும்கூட தோட்டா கணக்கில்தான் வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். உரிமமில்லாத துப்பாக்கியைச் சும்மா வீட்டில் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தாத்தா காலத்துத் துப்பாக்கி, பரணில் கிடந்தது என்ற பதில் கோர்ட்டில் எடுபடாது.

அவருடைய கடைசி வருடங்கள்

வயது ஏற ஏற ஆண்டர்சன் துப்பாக்கியை விட்டு கேமராவுக்கு மாறினார். கையில் ஆயுதமே இல்லாமல் தனியாகக் காட்டுக்குள் போய் உட்கார்ந்திருப்பது அவர் பழக்கம். மகன் டொனால்ட் அப்பாவைப் போலவே வேட்டையில் ஊறியவர், 2014-ல் காலமானார். ஆனால் அப்பாவின் எழுத்தில் கடைசிக் காலத்தில் தெரிவது வேட்டை ஆர்வமல்ல, கவலை. ஜீப்பில் ஸ்பாட்லைட் போட்டுக்கொண்டு மானைச் சுடும் கூட்டம், அழிந்துகொண்டிருந்த காடு, முன்பு புலி உறுமிய பள்ளத்தாக்கில் இப்போது நிலவும் அமைதி.

1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரலில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1974 ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஆண்டர்சன் பெங்களூரில் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 64.

இன்று ஒரு ஆட்கொல்லி வந்தால்?

இன்று புலி, சிறுத்தை இரண்டும் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மனித உயிருக்கு ஆபத்து என்றாலும், மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, வேறு இடத்துக்கு மாற்றவோ முடியாது என்று அவருக்குத் திருப்தி ஏற்பட்ட பிறகுதான் சுடும் பேச்சே.

சுடும் உத்தரவு வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014 ஜனவரியில் ஊட்டி தொட்டபெட்டா பகுதியில் மூன்று பேரைக் கொன்ற புலி சுடப்பட்டது. 2021-ல் கூடலூர், மசினகுடி பகுதியில் டி-23 என்ற புலி நான்கு பேர் சாவுக்குக் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டபோது நிலைமை வேறு. எடுத்ததும் கொல்லக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ட்ரோன், கும்கி யானை, மோப்ப நாய், நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் என்று 21 நாள் தேடல். அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்தார்கள். உடம்பில் காயங்கள் இருந்தன. சிகிச்சைக்காக அதை மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த மசினகுடியிலிருந்து, ஆண்டர்சன் ஒரு காலத்தில் பாயின்ட் 405-ஐத் தூக்கிக்கொண்டு ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்த சேகூர் காடு எட்டிப் பார்க்கும் தூரம்தான்.